சக்கரத்தில் எத்தனை குதிரை?

ஒரு காரின் பலத்தைக் கூட்டிவிட்டதாக யாராவது சொன்னால், கூடியது எவ்வளவு, எதனால் கூடியது, அதற்கு யார் சாட்சி என்ற கேள்விகள் உடனே எழுகின்றன. ஓட்டுபவர் ‘பிக்கப்’ ஏறிவிட்டது என்கிறார். டியூனர், பலத்தை அளக்கும் எந்திரமான டைனோவின் தாளை எடுத்து நீட்டுகிறார். கம்பெனி அச்சிட்ட விவரத் தாளிலோ வேறொரு எண் இருக்கிறது. இவை மூன்றும் ஒத்துப்போவது அரிது. இந்தத் தகராறு டர்போ கார்களோடு வந்ததும் இல்லை. நீராவி என்ஜினை விற்றவர்களும் வாங்கியவர்களும் இதையே வேறு சொற்களில் பேசிக்கொண்டார்கள். இருநூறு ஆண்டுகளில் சொல்லப்பட்ட விடைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. பார்க்கும் இடம் வடசென்னை.

சாத்தாங்காட்டைச் சுற்றி

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஞாயிறு காலைதான் பலருக்கு நினைவுக்கு வரும். கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் மணலிச் சாலை யாருக்கும் தோன்றாது. ஆனால் கார் என்பது எவற்றால் ஆனதோ, அவற்றில் பெரும்பாலானவை இந்தப் பக்கத்தில்தான் கிடக்கின்றன. ஜார்ஜ் டவுன் நெரிசலிலிருந்து இரும்பு வியாபாரத்தை வெளியே கொண்டுவருவதற்காகச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் உருவாக்கிய இரும்பு எஃகுச் சந்தை சாத்தாங்காட்டில் இருக்கிறது. அதை ஒட்டிய மணலியில் 1969 முதல் இயங்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. சென்னைக்காரர் டாங்கில் ஊற்றும் பெட்ரோலின் பெரும்பகுதிக்கு ஊற்று அதுதான். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-இல் பெயர் மாறிய அசோக் லேலண்டின் ஆலை எண்ணூரில் உள்ளது. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகை திருவொற்றியூரில் இருந்தது, எம்.ஆர்.எஃப். டயர் அங்கிருந்துதான் கிளம்பியது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்து நிறுவனத்தோடு கைகோத்து புல்லட் தயாரித்த என்ஃபீல்டு ஆலையும் அதே திருவொற்றியூர்தான். கொஞ்சம் மேற்கே போனால் சோழவரம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் கார்ப் பந்தயம் நடந்த ஊர் அது.

ஆக, இரும்பு, எரிபொருள், டயர், என்ஜின், பந்தயத் தடம் எல்லாம் ஒரே வட்டாரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பலம் கூட்டும் கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகளும் ஏறத்தாழ இந்த வரிசையிலேயே வருகின்றன.

அளவுகோல் எப்படி வந்தது

குதிரைத்திறன் என்பதே விற்பனைக்காகப் பிறந்த அளவு. தன் நீராவி என்ஜின் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குபவருக்குச் சொல்ல ஜேம்ஸ் வாட்டுக்கு ஓர் எண் தேவைப்பட்டது. நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று அவர் வைத்தார். அந்த எண்ணை எந்திரத்தில் அளந்து பார்க்கும் வழியை 1821-இல் பிரெஞ்சுப் பொறியாளர் தெ ப்ரோனி சொன்னார். சுழலும் தண்டை மரக் கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அது எவ்வளவு விசையோடு திமிறுகிறது என்று நிறுத்துப் பார்க்கும் பிரேக் அது. ‘பிரேக் குதிரைத்திறன்’, அதாவது பி.எச்.பி., அங்கிருந்து வந்தது. 1877-இல் வில்லியம் ஃப்ரூட் பிரிட்டிஷ் கடற்படைக்காகத் தண்ணீரின் எதிர்ப்பைக் கொண்டு கப்பல் என்ஜினை அளந்தார். என்ஜின் ஆலைகளின் சோதனை மேடைகளில் நீண்டகாலம் நின்ற தண்ணீர் டைனோக்கள் அந்த வம்சம்.

இந்த முறைகளில் என்ஜின் தனியே கழற்றி வைக்கப்படும். அப்படி அளந்தாலும் ஏமாற்று உண்டு. அமெரிக்கக் கம்பெனிகள் நெடுநாள் வரை மின்விசிறி, ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் மாட்டாமல் வெறும் என்ஜினை ஓட்டி வந்த ‘மொத்த’ எண்ணை விளம்பரத்தில் போட்டன. 1970-களின் தொடக்கத்தில் எல்லா உறுப்புகளும் மாட்டிய ‘நிகர’ எண்ணுக்கு மாறியபோது உண்மை தெரிந்தது. 1971 கேடிலாக் எல்டொராடோவின் 8.2 லிட்டர் என்ஜின் மொத்தக் கணக்கில் 365, நிகரக் கணக்கில் 235. என்ஜினில் ஒரு போல்ட்டுகூட மாறவில்லை.

என்ஜினை இறக்காமல், காரையே உருளைமீது ஏற்றி அளக்கும் டைனோதான் இன்று டியூனிங் கடைகளில் இருப்பது. அதில் இரண்டு குலம் உண்டு. கனமான உருளையை எவ்வளவு வேகமாகச் சுழற்றி ஏற்றுகிறது என்று பார்ப்பது ஒன்று. மின்காந்தச் சுழல் மின்னோட்டத்தால் உருளையைப் பிடித்து நிறுத்தி, விசையை நேரடியாக அளப்பது இன்னொன்று. முதல் வகையைக் கடைக்குக் கடை பரப்பிய டைனோஜெட் கம்பெனியைப் பற்றி ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. கணக்குப்படி வந்த எண்ணுக்கும் யமஹா வி-மேக்ஸ் பைக்குக்குக் கம்பெனி சொன்ன 145 குதிரைக்கும் பெரிய இடைவெளி இருந்ததாம். வாங்குபவர் நம்பும்படி நடுவில் ஓர் எண்ணை வைத்து எந்திரத்தைச் சரிக்கட்டினார்களாம். கதை முழுக்க மெய்யோ பாதி மெய்யோ, அதன் சாரத்தை யாரும் மறுப்பதில்லை. எந்த டைனோவிலும் யாரோ முன்பே முடிவுசெய்து வைத்த ஓர் எண் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

இரும்பைச் செதுக்கும் தரப்பு

பலத்தைக் கூட்டும் முறைகளில் மூத்தது இரும்பில் கைவைப்பது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தில் நடத்திய பந்தயங்களில் இந்த வித்தைதான் ஆட்சி செய்தது. இறக்குமதி அடைத்துக் கிடந்த காலம் அது. உள்ளூரில் கிடைத்ததோ ஃபியட் 1100, பெருங்களத்தூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசடர். ஆகவே ஹெட்டை மில்லிங் செய்து கம்ப்ரஷன் ஏற்றுவது, போர்ட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது, கேமை அரைப்பது, கார்புரேட்டரை இரட்டையாக்குவது என்று வேலை நடந்தது. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் இதை இன்னொரு படிக்குக் கொண்டுபோனார். 40 குதிரைத்திறனுக்கும் குறைவான மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரையே கட்டினார். 1980-களின் இறுதியில் வந்த ஃபார்முலா மாருதிதான் ஒரு தலைமுறைக்குப் பள்ளிக்கூடம்.

இந்தத் தரப்பின் பலம் கண்ணுக்குத் தெரிவது. லேத் பட்டறையில் செய்த வேலையைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். பலவீனம், கூட்டும் அளவு நினைப்பதைவிடச் சின்னது. திருவொற்றியூரில் செய்த பழைய 350 சி.சி. புல்லட்டை எடுத்துக்கொள்ளலாம். போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., பலம் சுமார் 18 குதிரை. போர் போட்டு 1 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றினால் கொள்ளளவு 3 சதவீதம்கூடக் கூடாது, 346 சி.சி. 356 ஆகும். பொதுவாக ஓர் என்ஜினின் கம்ப்ரஷனை 8.5-இலிருந்து 10-க்கு ஏற்றினாலும் ஏட்டுக் கணக்கில் கிடைப்பது 5 சதவீதத்துக்குள். மிச்சத்தை எல்லாம் சுழற்சி வேகத்தை ஏற்றித்தான் பெற வேண்டும். அங்கே நீண்ட ஸ்ட்ரோக் குறுக்கே நிற்கும். 5,600 சுற்றிலேயே அந்தப் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 17 மீட்டரைத் தொடுகிறது. அதற்கு மேல் விரட்டினால் கனெக்டிங் ராடு தாங்க வேண்டும். சென்னை லேத்காரர்களுக்கு நன்றாகப் பழகிய இ.என். 8, இ.என். 24 இரும்பு ரகங்களுக்கு நடுவே உள்ள விலை வித்தியாசம் என்ஜின் வெடித்த பிறகுதான் பலருக்குப் புரிகிறது.

இதே தரப்புக்குள் ‘சைலன்சர் மாற்றினாலே பலம் ஏறும்’ என்ற நம்பிக்கையும் அடங்கும். சத்தம் ஏறுவது உறுதி. பலத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. சில என்ஜின்களில் மேல் சுற்றில் கொஞ்சம் கிடைத்து, கீழ்ச் சுற்றில் அதைவிட அதிகம் போய்விடுகிறது. நகரத்தில் ஓட்டுபவர் வாழ்வது கீழ்ச் சுற்றில்.

காற்றும் பெட்ரோலும்

என்ஜின் பெட்ரோலால் ஓடுகிறது என்று நினைக்கிறோம். டியூனர்கள் அதைக் காற்றை இழுத்துத் தள்ளும் பம்பாகவே பார்க்கிறார்கள். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். அதை எரிக்கக் காற்று வேண்டும். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்துவரும் ஃபார்முலா பாரத் மாணவர் போட்டியின் விதி இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. 710 சி.சி. வரை எந்த பெட்ரோல் என்ஜினையும் பொருத்தலாம், ஆனால் உள்ளே போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டதும் அதற்கு மேல் ஒரு கிராம்கூட நுழையாது. பிறகு எவ்வளவு பெரிய என்ஜினை வைத்தாலும் பலன் இல்லை.

காற்றைத் திணிப்பதற்கு ஆல்ஃபிரட் பூச்சி 1905-இலேயே டர்போவுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இந்தியச் சாலைகளில் அது முதலில் டீசல் வண்டிகளிலேயே பழகியது. பெட்ரோல் காரில் சாதாரண வாங்குபவருக்கு எட்டியது 2010-களில். 2013-இல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. இந்தியாவில் ரீமேப், அதாவது என்ஜின் கணினியில் உள்ள ‘மேப்’ என்ற அட்டவணைகளை மாற்றி எழுதுவது, என்ற சொல்லைப் பரப்பிய கார்களில் ஒன்று. 1.2 லிட்டரில் 105 பி.எஸ்., 175 நியூட்டன் மீட்டர் டார்க். டர்போ அழுத்தத்தை மென்பொருளில் கொஞ்சம் ஏற்றினாலே பத்தில் இரண்டு பங்கு, அதற்கு மேலும்கூட கூடும் என்பது பரவலான அனுபவம். டர்போ இல்லாத என்ஜினில் அதே வேலைக்கு ஒற்றை இலக்கச் சதவீதம்தான் கிடைக்கும்.

ஆனால் காற்றைத் திணித்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் நாக்கிங் வரும். தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேர்வதற்கு முன்பே மிச்சக் கலவை தானாக வெடித்து பிஸ்டன் தலையைக் கொத்துவதுதான் நாக்கிங். 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்து இதை அடக்கினார். அந்த மருந்து ஊரின் மூச்சில் கலந்ததைப் புரிந்துகொள்ள உலகத்துக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. இந்தியாவில் ஈயம் முழுமையாக விலக்கப்பட்டது 2000-இல். நாக்கிங்கை எதிர்க்கும் திறனைச் சொல்லும் எண் ஆக்டேன். நம் பெட்ரோல் பங்குகளில் ஒருகாலத்தில் 87, 93 என்று இரு ரகம் இருந்தது. பிறகு சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேன் ஆனது. பிரீமியம் 95, இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்த எக்ஸ்.பி.100 அதற்கும் மேல். ஐரோப்பாவில் 98 ஆக்டேனை நம்பி எழுதிய மேப்பை அப்படியே இங்கே ஏற்றினால், நாக் சென்சார் தீப்பொறியைப் பின்னுக்கு இழுத்து இழுத்து, கூட்டிய பலத்தைத் தானே திருப்பி வாங்கிக்கொள்ளும். சென்சார் இல்லாத பழைய வண்டியென்றால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

எனவே வடசென்னைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி காரைப் பற்றியதாக இருக்காது. பங்கில் இன்று கிடைப்பது என்ன என்பதே அது. இப்போது அதற்கு விடை 20 சதவீத எத்தனால். இதன் கணக்கு இரு பக்கமும் வெட்டுகிறது. எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட அதிகச் சூட்டை உறிஞ்சுகிறது. நாக்கிங்கை எதிர்ப்பதில் மேல். டர்போ டியூனருக்கு அது வரம். ஆனால் ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். சுத்த பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். சில ஆண்டுகளுக்கு முன் 10 சதவீத எத்தனாலில், இன்ஜெக்டரை அதன் எல்லைவரை இழுத்து டியூன் செய்த கார் இன்று முழு ஆக்ஸிலரேட்டரில் பெட்ரோல் பற்றாமல் திணறக்கூடும். மேப்பைத் திரும்ப எழுத வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் அது எப்போதும் வியாபாரப் பேச்சாக இருக்க வேண்டியதில்லை.

மேப்பை மாற்றும் தரப்பு

என்ஜின் கட்டுப்பாட்டுக் கணினிக்குள் இருப்பது கட்டங்கள் போட்ட அட்டவணைகள். ஒரு பக்கம் சுற்று வேகம், மறு பக்கம் சுமை. ஒவ்வொரு கட்டத்திலும் தீப்பொறி எத்தனை பாகை முன்னால், பெட்ரோல் எவ்வளவு என்ற எண். போஷ் கம்பெனியின் மோட்ரோனிக் 1979-இல் இவ்விரண்டையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது. அதன்பின் பலம் கூட்டும் வேலை லேத்திலிருந்து லேப்டாப்புக்கு மெல்ல நகர்ந்தது.

இந்தத் தரப்பின் அடிப்படை வாதம்: கம்பெனி வேண்டுமென்றே பலத்தை விட்டுவைத்திருக்கிறது. இதில் உண்மை உண்டு. உதகையின் உயரத்திலும் ராஜஸ்தானின் வெயிலிலும், எங்கோ ஒரு பங்கின் மட்டமான பெட்ரோலிலும், சர்வீஸ் தவறிய வண்டியிலும் வாரண்டிக் காலம் தாண்ட வேண்டும் என்று கம்பெனி எழுதிய மேப் அது. விலை உயர்ந்த மாடலுக்கு இடம் விடுவதற்காகக் குறைத்து வைப்பதும் நடக்கிறது. ஆனால் ‘விட்டுவைத்தது’ என்பதில் பாதி, கிடங்கில் சும்மா கிடக்கும் சரக்கு என்று நினைத்தால் தவறு. அது பாதுகாப்பு இடைவெளி. போலோவின் ஏழு வேக டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் தாங்குவதற்கு வடிவமைக்கப்பட்டது 250 நியூட்டன் மீட்டர். 175-ஐ 230 ஆக்கினால் எல்லைக்குள் இருக்கிறோம். ஆனால் அந்த எல்லைக்கும் நமக்கும் நடுவே கம்பெனி வைத்திருந்த இடம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. சென்னை நெரிசலில் ஊர்ந்து சூடாகும் உலர் கிளட்ச் அதை உணரும்.

இங்கேதான் ‘கஸ்டம்’ டைனோ டியூனிங் தன் மதிப்பைக் காட்டுகிறது. ரெடிமேடாகக் கிடைக்கும் ‘ஸ்டேஜ் 1’, ‘ஸ்டேஜ் 2’ மேப்புகளுக்கு எந்தத் தர அமைப்பும் விளக்கம் வைக்கவில்லை. அவை கடைப் பெயர்கள். சென்சாரை ஏமாற்றும் இடைப்பெட்டிகளும் ஒரு பொது மதிப்பீட்டின் மேலேயே ஓடுகின்றன. ஒரு குறிப்பிட்ட காருக்கென்று எழுதுவது வேறு வேலை. சுழல் மின்னோட்ட பிரேக்கால் உருளையைப் பிடித்து என்ஜினை, சொல்லுவோம், 3,000 சுற்றில் நிறுத்துகிறார்கள். அந்த ஒரு கட்டத்தில் தீப்பொறியை ஒவ்வொரு பாகையாக முன்னே தள்ளுகிறார்கள். டார்க் ஏறும், ஏறும், பிறகு தட்டையாகும். தட்டையான இடத்தில் நின்றுவிட வேண்டும். அதற்கு முன்பே நாக் கேட்டால் அங்கிருந்து இரண்டு பாகை பின்வாங்க வேண்டும். சைலன்சரில் செருகிய ஆக்ஸிஜன் சென்சார் கலவை விகிதத்தைச் சொல்லும். டர்போ இல்லாத என்ஜினுக்கு முழுச் சுமையில் 12.5 அல்லது 13 பக்கம், டர்போவுக்கு இன்னும் செழுமையாக. பிறகு அடுத்த கட்டம். இப்படி அட்டவணை முழுவதும். முன்னால் பெரிய மின்விசிறி அலறிக்கொண்டிருக்க, பாதிக் கட்டங்களை முடிப்பதற்குள் இன்டர்கூலர் சூடாகிவிடும். நிறுத்தி ஆறவிட்டுத்தான் தொடர வேண்டும். பொறுமை இல்லாதவர் முழு ஆக்ஸிலரேட்டரில் நாலு முறை விரட்டி, உச்சி எண்ணை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறார். அந்த வண்டி டைனோவில் பளிச்சென்று இருந்து சிக்னலில் திணறும்.

எண் எங்கே நழுவுகிறது

டைனோ தாளில் உள்ள எண்ணை எடுத்துக்கொண்டு ஊருக்கு ஊர் ஒப்பிடுவது டியூனிங் உலகின் நிரந்தரப் பொழுதுபோக்கு. அதற்கு அடித்தளம் பலமில்லை என்பதைச் சென்னைக் காற்றை வைத்தே காட்டிவிடலாம்.

சூடான காற்று மெலிந்த காற்று. அதனால் தாளில் வருவது பெரும்பாலும் ‘திருத்திய’ எண். ஒரு தரநிலைக் காற்றில் இந்த என்ஜின் என்ன கொடுத்திருக்கும் என்ற கணக்கு. எஸ்.ஏ.இ. ஜே1349 என்ற திருத்தம் 25 டிகிரி, 990 மில்லிபார் உலர் காற்றை அடிப்படையாகக் கொள்கிறது. எஸ்.டி.டி. என்று கடைகளில் சொல்லப்படும் பழைய திருத்தத்தின் அடிப்படை சுமார் 15.5 டிகிரி, 1013 மில்லிபார். அக்கினி நட்சத்திரக் காலத்து மதியம் ஒன்றை எண்ணிக்கொள்வோம்: 40 டிகிரி, காற்றழுத்தம் 1005 மில்லிபார், அதில் ஈரப்பதத்தின் பங்கு 30. உருளையில் 100 குதிரை வருகிறது. எஸ்.ஏ.இ. திருத்தம் போட்டால் தாளில் 105. எஸ்.டி.டி. போட்டால் 108. ஒரே கார், ஒரே ஓட்டம். ரீமேப்புக்கு முந்தைய தாள் ஒரு திருத்தத்திலும் பிந்தைய தாள் இன்னொன்றிலும் இருந்தால், ஒரு எண்கூட மாற்றாமல் 3 சதவீதம் ‘கூட்டி’ விடலாம். தாளின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும் அந்த மூன்றெழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

டர்போ காரில் சிக்கல் இன்னும் கூடும். காற்று மெலிந்தால் கணினியே டர்போவைச் சற்று அதிகம் சுழற்றி அழுத்தத்தைச் சமன் செய்துவிடும். அதாவது என்ஜின் ஏற்கனவே செய்துகொண்ட திருத்தத்தின் மேல் மென்பொருள் இன்னொரு திருத்தத்தை ஏற்றுகிறது. டர்போ இல்லாத என்ஜினுக்காகச் செய்த சூத்திரத்தை இங்கே முழுதாகப் போடுவது எண்ணை ஊதிவிடும் என்பதில் பொறியாளர்களிடையே பெரிய வேறுபாடு இல்லை. எவ்வளவு குறைத்துப் போடுவது என்பதில்தான் ஒற்றுமை இல்லை.

அடுத்தது ‘லாஸ்’ கணக்கு. சக்கரத்தில் அளந்ததை என்ஜின் எண்ணாக மாற்ற 15 சதவீதம் சேர்த்துக்கொள்வது பழக்கம். 15 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. கியர்பாக்ஸில் ஆயிலைக் கலக்குவதில் போகும் பலம் வேகத்தைப் பொறுத்தது, என்ஜின் பலத்தை அவ்வளவாகப் பொறுத்ததில்லை. பல்லுக்குப் பல் உரசுவதில் போவது மட்டும் பலத்தோடு ஏறும். ஆகவே பலத்தை இரட்டிப்பாக்கினால் இழப்பும் இரட்டிப்பாகும் என்று கணக்குப் போடுவது டியூன் செய்த காருக்கு இல்லாத குதிரைகளைக் கொடுக்கிறது. ஜெர்மனியின் மாஹா போன்ற டைனோக்கள் என்ஜின் இழுவையைத் துண்டித்து, காரைத் தானாக ஓடி நிற்கவிட்டு இழப்பை அளக்கின்றன. வெறும் ஊகத்தைவிட அது மேல். ஆனாலும் சுமை இல்லாமல் ஓடும் கியரின் இழப்பு சுமையோடு ஓடும் கியரின் இழப்பாகாது. சக்கரத்தையே கழற்றி ஹப்பில் நேரடியாகப் பொருத்தும் டைனோக்கள் டயரின் நழுவலை ஒழித்துவிடுகின்றன. ஆனால் அவற்றின் எண்ணை உருளை டைனோவின் எண்ணோடு ஒப்பிட முடியாது.

டயர் காற்று, காரைக் கட்டும் பட்டையின் இறுக்கம், எந்த கியரில் ஓட்டினார்கள், வெப்பமானியை எங்கே வைத்தார்கள் என்று இன்னும் அடுக்கலாம். வெப்பமானியை என்ஜின் பக்கம் வைத்தால் திருத்தம் ஏறும், எண் ஏறும். இதைத் தெரிந்து செய்பவரும் இருக்கிறார்கள், தெரியாமல் செய்பவரும் இருக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் டைனோவைத் தள்ளிவிட முடியாது. ஒரே எந்திரத்தில், ஒரே நாளில், ஒரே கையால் முன்னும் பின்னும் எடுத்த இரண்டு கோடுகளின் வித்தியாசம் நம்பத் தக்கது. ஓரிரு சதவீத ஆட்டத்தை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும். உச்சி எண்ணைவிடக் கோட்டின் வடிவம் அதிகம் பேசும். 2,000 சுற்றில் குழி விழுந்திருந்தால், மேலே எவ்வளவு உயர்ந்தாலும் ராயபுரம் மேம்பாலத்தில் அந்தக் கார் சிரமப்படும். என் கணிப்பில், டைனோவை நீதிபதியாக உட்காரவைத்ததுதான் இந்தத் துறையின் பெரிய பிழை. கருவியாக அது மிக நல்ல கருவி.

பலம் கடைசி என்ற தரப்பு

பந்தயத் தடத்திலிருந்து வரும் குரல் இது. 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைத் தடம் சுமார் 3.7 கி.மீ., 12 திருப்பங்கள். அங்கே நேரத்தைக் குறைப்பது முதலில் டயர், பிறகு பிரேக், சஸ்பென்ஷன், எடை. என்ஜின் அதற்குப் பிறகு. ஃபார்முலா எல்.ஜி.பி. போன்ற போட்டிகளில் எல்லாருக்கும் ஒரே ரக என்ஜின் கொடுத்து டியூனிங்கையே விளையாட்டிலிருந்து வெளியே எடுத்துவிடுகிறார்கள், ஓட்டுபவர் தெரிய வேண்டும் என்பதற்காக. வாதம் வலுவானது. ஆனால் தடத்துக்கே போகாதவருக்கு அது பொருந்தாது. சாலையில் முந்தும்போது வேண்டிய இழுவையைக் கேட்பவரிடம் திருப்ப வேகத்தைப் பேசிப் பயனில்லை. ஒன்று மட்டும் இரு தரப்புக்கும் பொது: பலத்தைக் கூட்டிவிட்டு பழைய பிரேக்கையும் பழைய டயரையும் விட்டுவைப்பதற்கு யாரும் நியாயம் சொன்னதில்லை.

சட்டத்தின் பார்வை

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதைக் கண்டிப்பாகவே படித்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது.

கண்ணுக்குத் தெரியும் மாற்றத்துக்கு இது தெளிவு. மென்பொருள் மாற்றத்தில் சட்டம் தடுமாறுகிறது. சி.சி. மாறவில்லை, சேஸிஸ் எண் மாறவில்லை. மாறியது சில கட்டங்களில் உள்ள எண்கள். புகைச் சோதனை நிலையத்தில் கார் நிற்கும் நிலையில், சுமை இல்லாமல் அளக்கப்படுகிறது. முழு ஆக்ஸிலரேட்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்தக் கருவிக்குத் தெரிய வழியில்லை. இந்த ஓட்டையின் ஆழத்தை, சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டிய ஃபோக்ஸ்வாகனின் மென்பொருள் 2015-இல் உலகத்துக்குக் காட்டியது. அங்கே ஏமாற்றியது கம்பெனியே.

டியூனர்கள் தரப்பு இதைச் சிறு விஷயமாகப் பேசுவதுண்டு: நூற்றுக்கணக்கான லாரிகள் புகை கக்கும் இடத்தில் ஒரு கார் கேட்டலிஸ்டைக் கழற்றினால் என்ன? 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளில் ஒன்றாக மணலியைப் பட்டியலிட்டது. அந்தக் காற்றை மூச்சுவிடும் ஊரில் இந்த வாதத்தைச் சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பலத்துக்காகக் கேட்டலிஸ்டைக் கழற்றுவதும், டீசலில் துகள் வடிகட்டியை எடுப்பதும், மேப்பைச் சீராக்குவதும் ஒரே வேலையாகப் பேசப்படுவது இந்தத் துறைக்கே கெடுதல்.

பிற நாடுகள் நடுவழி தேடியிருக்கின்றன. ஜெர்மனியில் மாற்றிய பாகத்துக்குச் சோதனைச் சான்று பெற்று வாகன ஆவணத்தில் சேர்க்கலாம். கலிஃபோர்னியாவில் புகையை ஏற்றவில்லை என்று நிரூபித்த பாகத்துக்கு மாநிலக் காற்று வாரியம் ஆணை எண் தருகிறது. ஜப்பான் 1995-இல் தன் கெடுபிடியைத் தளர்த்தியது. இம்முறைகளில் செலவு அதிகம், சின்னப் பட்டறைகள் தள்ளப்பட்டுப் பெரிய பிராண்டுகள் நிற்கும் என்ற குறை எல்லா இடத்திலும் கேட்கிறது.

இன்னும் தீராதவை

எரிபொருள் ஒன்று. 20 சதவீத எத்தனாலில் பழைய டர்போ கார்களின் டியூனிங் நீண்டநாளில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு, பட்டறை அனுபவம் நிறைய இருந்தாலும், முறையாக அளந்து ஒப்பிட்ட சான்று இன்னும் வேண்டும்.

மின்வண்டி இன்னொன்று. ‘கம்பெனி பலத்தைப் பூட்டி வைத்திருக்கிறது’ என்ற பழைய சந்தேகம் அங்கே வெளிப்படையான விலைப்பட்டியலாகிவிட்டது. 2022-இல் மெர்சிடிஸ் அமெரிக்காவில் தன் மின்கார்களின் கூடுதல் முடுக்கத்தை ஆண்டுச் சந்தாவாக விற்க முன்வந்தது. அந்தப் பூட்டை வெளியார் திறந்தால் அது டியூனிங்கா, திருட்டா, தன் பொருளில் உரிமையா என்று இந்தியச் சட்டம் இன்னும் சொல்லவில்லை. மின்வண்டியை டைனோவில் ஏற்றுவது எளிது. ஆனால் பேட்டரியின் சூடும் சார்ஜும் எண்ணை மாற்றுவதால், இங்கேயும் திருத்தக் கணக்குக்கு ஒரு பொது அடிப்படை தேவைப்படும்.

சான்றளிப்பு மூன்றாவது, மற்ற இரண்டையும்விடச் சிக்கலானது. புதிய மாடல்களைச் சோதிக்க ஓரகடத்தில் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. என்ஜினைத் தனியே அளப்பதற்கு இந்தியத் தரநிர்ணயமும் உண்டு. ஆனால் ஒரு தனிமனிதர் டியூன் செய்த தன் காரைக் கொண்டுபோய், புகை, பிரேக், பலம் மூன்றையும் அளந்து, ஆர்.சி.யில் ஏற்றிக்கொண்டு திரும்பும் நடைமுறை இல்லை. அது இல்லாதவரை நல்ல டியூனரின் தாளுக்கும் பொய்த் தாளுக்கும் சட்டத்தின் முன் ஒரே மதிப்புதான், அதாவது மதிப்பில்லை. நாளை அப்படி ஒரு வழி திறக்கப்பட்டால், அதிகாரிகளும் டியூனர்களும் முதல் கூட்டத்தில் முடிவுசெய்ய வேண்டியது, சக்கரத்தில் அளக்கும் எண்ணை எந்தத் திருத்தத்தில், எந்த வெப்பநிலைக்கு எழுதுவது என்பதாக இருக்கும்.